யானைத் தொட்டியில் வெளுத்த சீருடைகள்

காஜா பேராங், மலாக்கா நகரத்தின் ஓரமாக மட்டும் இருந்த காலத்தை அறிந்தவர்கள் நம்மில் இன்னும் சிலர் எஞ்சியிருக்கிறோம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மழை விட்ட பிறகு எங்கள் சந்தில் எழும் மணத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை: செம்மண், பழுத்து விழுந்த ரம்புத்தான், ஏதோ ஒரு வீட்டுச் சட்டியில் வதங்கும் பெலாச்சான் இறால் விழுது. ஒரே ஒரு பருவத்தில் மட்டும் அந்த மணத்தோடு, எங்கள் வீட்டுப் பின்புறத்திலிருந்து மண்ணெண்ணெயும் இயந்திரக் கொழுப்பும் சவுக்காரமும் கலந்த வேறொரு மணமும் வந்துகொண்டிருந்தது. உங்களில் சிலர் அதை முகர்ந்திருப்பீர்கள். சிலர் அதை உடுத்தியும் இருந்தீர்கள்.

நாடு விடுதலை பெற்ற ஆண்டு அது. வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பங்களாக்களில் வாரம் தவறாமல் ஏலம் நடந்தது. நம் பேச்சில் அது லேலோங். பியானோ, பிரம்பு நாற்காலி, கொம்பு முளைத்த மான் தலை, வேட்டை நாய் என எல்லாம் ஏலத்துக்கு வந்தன. அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த என் அப்பா, புக்கிட் ரம்பாய்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் துரையின் வீட்டு லேலோங்குக்குப் புத்தக அலமாரி வாங்கப் போனார். மாட்டு வண்டியில் திரும்பி வந்தது ஓடாத சலவை இயந்திரம் ஒன்று.

இன்றைய பெட்டிகளை மனத்திலிருந்து அகற்றிவிட்டுக் கேளுங்கள். சாம்பல் நிற எனாமல் பூசிய உருண்டைத் தொட்டி. அதைத் தாங்கும் தடித்த கால்கள். தொட்டியின் நடுவே துணிகளை இப்படியும் அப்படியும் புரட்டும் துடுப்பு. மேலே, ஈரத்துணியை நுழைத்துப் பிழிவதற்காக ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் இரண்டு ரப்பர் உருளைகள். அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாய் முன்பக்கமாகத் தொங்கியது. அதைக் கண்டதும் என் அக்கா "யானை" என்றாள். அப்போதே பெயர் நிலைத்துவிட்டது.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். பின்னல்களைத் தூக்கித் தலைமேல் கட்டிக்கொண்டு, அந்த யானையின் வயிற்றுக்கடியில் முதலில் படுத்தவள் அவள்தான். அப்பாவின் கை நுழையாத இடத்தில் அவளுடைய கை நுழைந்தது. துருவேறிய திருகாணி ஒன்றை மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் கழற்றி எடுத்து, பல் பிடுங்கியவளைப்போல் அவள் உயர்த்திக் காட்டியது நினைவிருக்கிறது. நான் உப்புத்தாள் பிரிவைச் சேர்ந்தவன். துருவைத் தேய்ப்பது என் வேலை. தேய்த்ததை மறுபடியும் தேய்க்கச் சொல்வது அவள் வேலை.

உதிரிப் பாகங்கள் தேவைப்பட்டன. அதனால் அப்பா இன்னொன்று வாங்கினார். மெலிந்து வெளுத்து, ஒரு கால் ஒடிந்து வந்த அதற்குத் துரைசாணி என்று பெயர். மூன்றாவது, கையால் சுற்றும் மரத்தொட்டி. அது கிழவர். கிழவரை அப்பா பழுதுபார்க்கத் தொடங்குவதற்குள் எங்கள் கோழி அதில் முட்டையிடத் தொடங்கிவிட்டதால், அவர் அப்படியே விடப்பட்டார்.

அப்பா ஏன் இப்படிச் செய்கிறார் என்று சந்தில் பலருக்கும் கேள்வி இருந்தது. அம்மாவுக்கு இருந்தது கேள்வியன்று, தீர்ப்பு.

"எந்தத் துரைசாணியோட உள்பாவாடைய அலசுன தொட்டியோ, அதுல என் பூசைப் பொடவையா? ஆள விடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்பா காரணம் சொல்லும் பழக்கம் உள்ளவரல்லர். ஒரே ஒருமுறை, மோட்டாருக்குப் புதிய கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது, எங்கள் இருவரிடமும் சொன்னார்:

"நாங்க போயிட்டா இங்க எல்லாம் நின்னு போயிரும்னு ஆபீஸ்ல ஒரு தொர சொல்லிட்டுப் போனான். சரி, அவன் நிறுத்திட்டுப் போனதையே ஓட்டிக் காட்டுவோமே."

அன்று அது எனக்கு வெறும் இயந்திரப் பேச்சாகவே பட்டது.

பிழியும் உருளைகளின் ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. புதியது வேண்டுமென்றால் லண்டனுக்கு எழுத வேண்டும் என்றார்கள். சுற்றிலும் ரப்பர் மரம் நிற்கும் ஊரில் ரப்பருக்கு லண்டனுக்கு எழுதுவதா என்று அப்பா மறுத்துவிட்டு, சைக்கிள் டயரின் உள்குழாயை அறுத்து உருளைமீது இழுத்துப் பொருத்தினார். துடுப்பில் ஓர் இறக்கை உடைந்திருந்தது. உஜோங் பாசிரில் படகு கட்டும் ஒருவர் அதை மரத்தில் செதுக்கித் தந்தார். இப்படியாக யானைக்குத் துரைசாணியின் மோட்டாரும் மலாக்கா மரமும் சைக்கிள் தோலும் வாய்த்தன.

பக்கத்து வீட்டு அம்மாளை, அத்தை என்ற பொருளில் நாம் மக்சிக் என்று அழைத்தவரை, உங்களுக்கு நினைவிருக்கும். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். மாரியம்மனுக்கு நம்மைவிட ஒழுங்காக விளக்கேற்றுவார். சாரோங்கும் கெபாயா மேற்சட்டையும் உடுத்தி, வீட்டில் மலாய் பேசுவார். அம்மாவுக்கு மலாய் அரைகுறை. மக்சிக்குக்குத் தமிழ் அதைவிடக் குறைவு. வேலிக்கு இருபுறமும் நின்று இருவரும் பேசத் தொடங்கினால் நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்வார்கள். யானை முதன்முதலாகத் தண்ணீர் பிடித்தபோது மக்சிக் எட்டிப் பார்த்து, "இனி காஜா தாக் மாக்கான், தாப்பி குவாட் மினும்" என்றார். இந்த யானை தின்னாது, ஆனால் நன்றாகக் குடிக்கும் என்பது பொருள். அம்மா சிரித்த சிரிப்பில் வேலி அசைந்தது.

யானை ஓடியது. முதலில் கோணிப்பைகளை வெளுத்தது. அடுத்ததாக அப்பா தம்முடைய வேட்டியை ஒப்புக்கொடுத்தார். உருளைகள் அதை ஒரு முனையில் பிடித்து, மறுமுனையில் நாடா நாடாவாக வெளியே தள்ளின. அம்மா அந்த நாடாக்களை வீணாக்கவில்லை. தெருவைப் பார்த்த கொடியில் வரிசையாக உலர்த்தினார். வருவோர் போவோர் கேட்டால், "அடுத்தாப்புல ஆளையே உள்ள போடப் போறாராம்" என்று பதிலும் சொன்னார்.

தீபாவளிக்கு முன் பின்புறம் காலியாக வேண்டும் என்பது அம்மாவின் முடிவு. பழைய இரும்பு வாங்கும் சீனரிடம் பேசியும் வைத்திருந்தார். அப்பா ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டார்.

அந்த வாய்ப்பு மழையின் வடிவில் வந்தது.

விடுதலை நாளான மெர்டேக்கா அன்று பண்டார் ஹிலிர்த் திடலில் பள்ளிப் பிள்ளைகளின் அணிவகுப்பு. எங்கள் தமிழ்ப்பள்ளியின் வரிசைக்கு முன்னால் புதிய நாட்டின் கொடியை ஏந்தி நடக்க அக்காவை ஆசிரியர் தேர்ந்தெடுத்திருந்தார். அவள் உயரமானவள், நடக்கும்போது காலைப் பார்க்காதவள். அதற்காகவே எல்லோருக்கும் புதிதாகத் தைத்த வெள்ளைச் சீருடை: பையன்களுக்குக் காற்சட்டையும் சட்டையும், பெண்களுக்கு மேற்சட்டையும் மடிப்புப் பாவாடையும். புத்தாடையின் மூலையில் மஞ்சள் தடவாமல் உடுத்தும் வழக்கம் நம்மிடம் இல்லை. நாட்டுக்கே நல்ல நாள் என்பதால் நம் தாய்மார்கள் அன்று மூலையோடு நிறுத்தவில்லை. ஓரங்களிலும் இடுப்புப் பட்டையின் உட்புறத்திலும் தாராளமாகவே தடவியிருந்தார்கள்.

ஆசிரியர் கண்டிப்பானவர். கறை படிந்த உடுப்பு தம் வரிசைக்கு முன்னால் நடக்காது என்று அறிவித்திருந்தார். அக்காவுக்கு ஏதாவது நேர்ந்தால் கொடியைப் பெறுவதற்கு வேறொரு பெண் துடைப்பக் கட்டையை வைத்து வீட்டில் பழகிக்கொண்டிருப்பதும் பள்ளி முழுவதும் தெரிந்த செய்தி. அக்காவோ வாழைத்தண்டைக் கொடிக்கம்பாகப் பிடித்துக்கொண்டு கிணற்றடியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

ஒத்திகையைச் சீருடையோடு நடத்தினார்கள். பாதியில் கடல் பக்கமிருந்து மழை வந்தது. திடல் சேறாயிற்று. நாங்கள் வீடு திரும்பியபோது எங்கள் தாய்மார்கள் எழுப்பிய ஒலியை நான் எழுத்தில் தர முயலமாட்டேன். அணிவகுப்புக்கு முன் இருந்தது ஒரே ஒரு பகல். அந்தப் பகலிலோ எல்லா வீட்டிலும் பலகாரம், விருந்து, வீடு கழுவுதல். அப்பா சந்தின் நடுவில் நின்று, எல்லாச் சீருடைகளையும் ஒரே தொட்டியில் வெளுத்துத் தருவதாகச் சொன்னார். வேட்டி நாடாக்களைப் பார்த்தவர்கள் தயங்கினார்கள். அப்போது மக்சிக் உள்ளே போய், அணிவகுப்பன்று உடுத்துவதற்கென்று வைத்திருந்த தம்முடைய வெள்ளைச் சரிகைப்பின்னல் கெபாயாவைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

அம்மா எங்கள் சீருடைகளைத் தாமே கொண்டுவந்து தொட்டியருகில் வைத்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதை நாங்கள் கோபம் என்று நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை அப்பா விடுப்பு எடுத்தார். மண்ணெண்ணெய்த் தகரங்களில் வெந்நீர் கொதித்தது. அக்கா சவுக்காரக் கட்டியைச் சீவிச் சீவிப் போட்டாள். யானை நுரை தள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கியது. சந்துப் பெண்கள் வேலியோரம் வரிசையாக நின்றார்கள்.

சிறிது நேரத்தில் உள்ளிருந்து 'கடக், கடக்' என்று ஓர் ஒலி கிளம்பியது.

அப்பாவின் முகம் மாறியது. இயந்திரத்தை நிறுத்தினார்.

"அப்பா, சத்தம் அடியில இல்ல. உள்ளேருந்து வருது" என்றாள் அக்கா.

"பல்லுச்சக்கரம்மா. ஒரு பல்லு போயிருச்சு. அப்பாவுக்குத் தெரியாதா?"

துணிகளை வெந்நீரில் ஊறவிட்டு, இருவரும் யானையின் வயிற்றைத் திறந்தார்கள். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றித் துடைத்துப் பார்த்தார்கள். எல்லாப் பற்களும் இருந்தன. மறுபடியும் பூட்டினார்கள். வேலியோரத்துப் பெண்கள் வீட்டுக்குப் போய் உலையில் அரிசி போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். அந்த நேரமெல்லாம் மூடியின் கீழே என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. இயந்திரம் பிழை செய்தால் பிழை இயந்திரத்தில்தான் இருக்கும் என்பது அப்பாவின் படிப்பு அவருக்குத் தந்திருந்த நம்பிக்கை.

மூடியைத் திறந்தவன் நான். தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது.

"ரத்தம்ப்பா" என்றேன்.

யாருடைய ரத்தம் என்று எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். அப்பா கோலால் கிளறினார். மேலே வந்த சட்டை சிவந்திருந்தது, அடுத்ததும் அப்படியே, மக்சிக்கின் கெபாயா செங்கல் நிறம். அக்கா தன் பாவாடையைத் தேடி எடுத்து உருளைகளுக்கு நடுவே நுழைத்தாள். பாதியில் உருளைகள் எதையோ கடித்துக்கொண்டு நின்றன. அழுத்தத்தைத் தளர்த்திப் பார்த்தபோது, பாவாடை மடிப்பில் சிக்கி வந்திருந்த ஒரு பொருள் அவள் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு துணி முடிச்சு. அதற்குள் ஒரு காசு.

மஞ்சளில் நனைத்த துணியில் காசை முடிந்துவைத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வது நம் எல்லா வீட்டிலும் உள்ளது. அந்த முடிச்சை யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

"என்னுதுதான்" என்றார் அம்மா.

அப்பா அவரைப் பார்த்தார்.

"மிஷினு நல்லபடியா ஓடணும்னுதான். ஊரே வந்து நின்னு பாக்குது. உங்களுக்கு ஒரு தலைக்குனிவு வந்துறக் கூடாதேன்னு ஆத்தாவுக்கு முடிஞ்சு, விடியக்காலையில அந்தத் துடுப்புக்கு அடியில செருகி வச்சேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சிரிப்பீங்க."

அப்பா சிரிக்கவில்லை. கையிலிருந்த கோலை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார். சிரித்தது அக்காதான். முதலில் மூக்கால், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல். மறுநாள் கொடியை இழக்கப்போகிறவள் சிரிக்கிறாளே என்று எனக்கு அச்சமாக இருந்தது. மக்சிக்குக்கு யாரோ மலாயில் விளக்க, அவரும் தொடங்கினார். கடைசியில் அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே சிரித்தார்.

ஆனால் துணிகள் சிவப்பாகவே இருந்தன.

மஞ்சள் காரத்தில் சிவக்கும். நல்ல தண்ணீரில் அலசினால் மறுபடியும் மஞ்சளாகும். பிற்காலத்தில் வேதியியல் கற்பிப்பவனாகி, கல்லூரியில் ஆண்டுதோறும் இதைச் செய்து காட்டியிருக்கிறேன். மாணவர்கள் வியந்து பார்ப்பார்கள். எங்கே கற்றேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்று எங்களுக்கு இது தெரியாது. கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்து அலசியபோது சிவப்பு நீங்கியது. நீங்கிய இடத்தில் பளிச்சென்று மஞ்சள் வந்தது. முடிச்சுத் துணியில் இருந்ததும், நம் தாய்மார்கள் தாராளமாகத் தடவியதும் எல்லாமாகச் சேர்ந்து, ஒரு பள்ளியின் பெரும்பகுதியை மங்கல நிறமாக்கியிருந்தன.

மக்சிக் தம் கெபாயாவை விரித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "இத்து ராஜா புஞ்ஞா வார்ணா" என்றார். மஞ்சள் அரசருக்குரிய நிறம். நாட்டுக்கு மாமன்னர் பொறுப்பேற்கும் நாளில், கிராணி வீட்டுப் பிள்ளைகளும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அரச நிறத்தில் அணிவகுத்தால் என்ன ஆகும்? போலீஸ் திடலுக்குள் விடுமா என்று ஒருவர் கேட்டார். திடலுக்குள் விட்டுவிடும், வெளியில்தான் விடாது என்று இன்னொருவர் சொன்னார். அக்கா இப்போது சிரிக்கவில்லை. தன் பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு கிணற்று மேடையில் உட்கார்ந்திருந்தாள்.

சந்து முனையில் சில்லறைக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் நானா செய்தி கேட்டு நீலப் பொட்டலங்களோடு வந்தார். வெள்ளைத் துணியின் பழுப்பை நீலம் போக்கும் என்பதால் மஞ்சளையும் போக்கும் என்று அப்பா கணக்கிட்டார். சோதனைக்கு என் சட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். அது பச்சையாக வெளிவந்தது.

நானா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"செவப்பு வந்துச்சு, மஞ்சள் வந்துச்சு, இப்ப நீலமும் போட்டாச்சு. நம்ம நாட்டுக் கொடியில பாக்கி வெள்ள ஒண்ணுதான், கிராணி ஐயா. நமக்கு வேண்டியது அது மட்டுந்தான்."

நீலப் பொட்டலங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் கடைக்குத் திரும்பினார்.

எந்த நிறமானாலும் ஈரத்துணி உலர்ந்தாக வேண்டும். எங்கள் முற்றத்தில் ரம்புத்தான் மர நிழல். மக்சிக் வீட்டு முற்றம் வெட்டவெளி. அவர் கேட்காமலே கொடிகட்ட இடம் காட்டினார். சந்தின் கயிறெல்லாம் அங்கே வந்தது. மஞ்சள் சீருடைகள் வரிசையாகத் தொங்கியபோது, திருவிழாத் தோரணம் போல் அழகாகவே இருந்தது என்பதை இப்போது தயக்கமின்றிச் சொல்லலாம். அப்பா கிணற்றடியில் நின்றபடி, ஆசிரியர் வீட்டுக்குப் போய்த் தாமே சொல்லிவிடுவதாக அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நல்ல சட்டையையும் மாட்டிக்கொண்டார்.

அக்கா மட்டும் தன் பாவாடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். கொடியில் பாதியாக மடிந்து தொங்கிய அதன் வெளிப்புறத்தைத் தொட்டாள். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் வெளிப்புறம்.

"அப்பா, இங்க வாங்களேன்."

அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே அப்பா ஓடி வந்தார். வெயில் பட்ட பக்கம் வெளிறிப் போயிருந்தது. நிழல் பக்கம் பட்டு மஞ்சளாகவே இருந்தது. அப்பா தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"வெயில் எடுக்குது" என்றாள் அக்கா.

அதன்பின் அந்தப் பகல் முழுவதையும் நாங்கள் வெயிலுக்குக் கொடுத்தோம். அடுப்பிலிருந்த பலகாரங்கள் தீய்ந்தன, யாரும் கவலைப்படவில்லை. துணிகளைத் திருப்புவதும் விரிப்பதும் கை மடிப்பைப் பிரித்துக் காட்டுவதுமாக, பெண்களும் பிள்ளைகளும் முற்றம் முழுவதும் பரவி நின்றோம். மக்சிக் வீட்டுக் கூரை நிழல் நகர்ந்து வந்தபோது கொடியை அவிழ்த்து நிழலுக்கு முன்னால் கட்டினோம். பிறகு அதற்கும் முன்னால். கடைசியில் கொடிகள் வேலியைக் கடந்து சந்தையே குறுக்கிட்டு நின்றன. சைக்கிளில் வந்தவர்கள் குனிந்து போனார்கள். உஜோங் பாசிர்ப் பக்கத்திலிருந்து கருமேகம் ஒன்று எழுந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா அதை நோக்கி இன்னொரு முடிச்சு வேண்டிக்கொள்ளத் தொடங்கியதும், "காசு மட்டும் போதும், மஞ்சள் வேணாம்" என்று அப்பா குறுக்கிட்டார். அன்று முதன்முறையாக அவர் சிரித்தார்.

மேகம் வேறெங்கோ போய்ப் பெய்தது. பொழுது சாயும்போது கொடிகளில் வெள்ளை தொங்கியது. மக்சிக் தம் கெபாயாவை முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்து, "பாவு மத்தாஹாரி" என்றார். சூரியனின் மணம்.

என் சட்டைக்கு ஒரு தனிக் கதை. வெயில் அதிலிருந்த மஞ்சளை எடுத்துக்கொண்டது, நீலத்தை எடுக்கவில்லை. காலையில் பச்சையாக இருந்தது, மாலையில் இளநீலமாகிவிட்டது. என்னைக் கடைசி வரிசையில், உயரமான இரு பையன்களுக்குப் பின்னால் நிறுத்தினார்கள்.

அக்காவின் பாவாடையைக் கரித்தேய்ப்பெட்டியால் தேய்த்தபோதுதான் அம்மா கவனித்தார். மடிப்புப் பாவாடையின் வெளிமடிப்புகளை வெயில் வெளுத்திருந்தது. உள்மடிப்புகளில் அது புகவில்லை. நின்றால் முழு வெள்ளை. அசைந்தால் ஒவ்வொரு மடிப்பின் உள்ளிருந்தும் ஒரு கீற்று மஞ்சள். அம்மா அதைச் சொல்லலாமா என்று பார்த்தார். அக்கா ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

"நிக்கிறப்பதான் வாத்தியார் பாப்பாரு. நடக்க ஆரம்பிச்சுட்டா யார் நிறுத்துவா?" என்றாள்.

அப்படியே நடந்தது. மறுநாள் காலை ஆசிரியர் வரிசையின் முன்னால் வந்து நின்று அக்காவை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். அவள் அசையாமல் நின்றாள். மூச்சுக்கூட மேலோட்டமாகவே விட்டாள் என்று பிறகு சொன்னாள். அவர் கொடியைக் கையில் கொடுத்தார். முரசு ஒலித்தது. அவள் காலெடுத்து வைத்தாள். கடைசி வரிசையிலிருந்து, இரு முதுகுகளுக்கு நடுவே, அதை நான் பார்த்தேன். ஒவ்வோர் அடிக்கும் வெள்ளைப் பாவாடை விரிந்து, மஞ்சள் மின்னி, மூடிக்கொண்டது. மேலே கொடியும் அதே நிறங்களை விரித்து விரித்து மூடியது. ஆசிரியரின் வாய் திறந்தது. அக்கா தன் காலைப் பார்க்கவே இல்லை.

அணிவகுப்பு முடிந்தபின் வேறொரு பள்ளியின் ஆசிரியை எங்கள் ஆசிரியரிடம் வந்து, அந்தத் துணி எந்தக் கடையில் கிடைத்தது என்று விசாரித்தார். ஆசிரியர் ஒரு கணம்தான் தயங்கினார். அது பள்ளியின் தனி ஏற்பாடு என்றார்.

யானை எங்கள் பின்புறத்திலேயே தங்கியது. பழைய இரும்புச் சீனரை அம்மாவே திருப்பி அனுப்பினார். முடிச்சிலிருந்த காசைக் கோயில் உண்டியலில் சேர்த்தோம். சவுக்காரத்தில் அவ்வளவு நேரம் உருண்டதால் அதிலிருந்த வெள்ளைக்கார ராணியின் முகம் புதிது போல் மின்னியது. அடுத்து வந்த ஆயுத பூசையில் அம்மா யானைக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். மஞ்சளை மட்டும் சமையலறையிலேயே விட்டுவிட்டு வந்தார். சீருடைகளைத் தொட்டியருகில் வைத்தபோது அம்மா காத்த மௌனத்தைக் கோபமென்று படித்தது நான் மட்டுமல்ல, அப்பாவும்தான். அம்மா கேலி செய்துகொண்டே வேண்டிக்கொண்டவர். அந்த மௌனமும் ஒருவகைப் பேச்சு என்று புரிந்துகொள்ள எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

துரைசாணி எங்கே போனாள் என்று தெரியவில்லை. கிழவரைக் கரையான் அரித்தது. எங்கள் வீடு இருந்த இடத்தில் இன்று வாகனங்களுக்கு ரப்பர் டயர் விற்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார். அக்கா திருமணமாகி குருபோங்கில் குடியேறியபோது யானையைத் தன்னோடு கொண்டுபோனாள். பிறகு அவளுக்கும் அப்பாவின் பழக்கம் வந்தது. இரும்புக் கடைகளிலும் தோட்டத்துப் பழைய கிடங்குகளிலும் தேடி, உருளை பிழியும் இயந்திரங்களை ஒவ்வொன்றாக வாங்கி வந்து, கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, ஓட வைத்தாள். ஓய்வு பெற்ற ஆசிரியையான அவள் திருகாணிக் குறடோடு தரையில் படுத்திருப்பதைக் கண்டு அஞ்சல்காரர் திகைத்ததாக அத்தான் சொல்வார். நான் போகும்போதெல்லாம் என் கையில் உப்புத்தாளைக் கொடுப்பாள். தேய்ப்பேன். மறுபடியும் தேய்க்கச் சொல்வாள்.

இவ்வாண்டு அந்தக் கொட்டகையைக் காலி செய்தோம். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. மற்ற இயந்திரங்களை விரும்பியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, யானையை மட்டும் அவள் மகள் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தாள். சைக்கிள் தோல் பலமுறை மாறியிருக்கிறது. உஜோங் பாசிர் மரம் அப்படியே இருக்கிறது. நன்றாகவே ஓடுகிறது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்கா எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கித் தருவாள். கடையிலிருந்து வந்ததும் கழுத்துப்பட்டையின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், விரல் நுனியால் மஞ்சள் தொட்டு வைப்பாள். கடைசியாகத் தந்த சட்டையிலும் அந்த விரல் அளவு இருக்கிறது. அதை நான் பச்சைத் தண்ணீரில் அலசுகிறேன். சவுக்காரம் பட்டால்கூட அது சிவந்துவிட்டுத் திரும்பி வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். வெயில் எடுத்தால் வராது.

அந்தச் சட்டையை மட்டும் நிழலில் உலர்த்துகிறேன்.